ஆறு பேர், ஒரு மேசை: மதுரையில் நண்பர்களோடு இத்தாலிய உணவகத்துக்குப் போக முழுமையான வழிகாட்டி

நண்பர்கள் ஆறு பேர். பாதிப் பேருக்கு பீட்சாவைத் தாண்டி இத்தாலியச் சாப்பாடு பழக்கமில்லை. இப்படி ஒரு கூட்டத்தை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள அளவுகளைச் சொல்லியிருக்கிறோம். நாலு பேர், எட்டுப் பேர் என்றால் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆர்டர் கொடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் சொதப்புகிறார்கள். பரோட்டா, கறிதோசை, சுக்கா, ஆம்லெட் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய வாய், இங்கேயும் பத்து அயிட்டத்தை அடுக்கிவிடும். மேசையில் இடம் இருக்காது, பாதி ஆறிப்போகும், யாராவது ஒருத்தர் கடைசிவரை காலித் தட்டோடு உட்கார்ந்திருப்பார்.

1. இடம் தேடுவதற்கு முன் ஆட்களைக் கணக்கெடுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் நாலு கேள்வி போடுங்கள். சுத்த சைவம் யார், அதில் முட்டை சேர்ப்பவர் யார்? பன்றி, மாடு, ஹலால் அல்லாத இறைச்சி யாருக்கு ஆகாது? சமையலில் மது சேர்ந்தால் யாருக்குப் பிரச்சினை? கொட்டைப் பருப்பு, பால், கோதுமை ஒவ்வாமை யாருக்காவது உண்டா?

கேள்வியோடு தேதியையும் சேர்த்துப் போடுங்கள். "நான் எல்லாம் சாப்பிடுவேன்" என்று உடனே பதில் போடுகிறவர், போய் உட்கார்ந்த பிறகுதான் அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று நினைவுக்கு வந்து கறி வேண்டாம் என்பார். புரட்டாசி, கார்த்திகை மாலை நாட்களில் பாதி மேசையே சைவமாகிவிடும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இத்தாலிய மெனுவில் சைவம் தொடக்க உணவிலும் பாஸ்தாவிலும் பீட்சாவிலும் தாராளமாகக் கிடைக்கும். அதற்கு அடுத்த பகுதி பெரும்பாலும் கறியும் மீனும்தான். ஆறில் நாலு பேர் சைவம் என்றால் ஆர்டரின் அமைப்பே மாறும்.

2. போன் செய்து இடத்தைப் பிடியுங்கள்

மதுரையில் இத்தாலிய உணவு பெரும்பாலும் பெரிய ஓட்டல்களின் உணவகங்களிலும் கஃபேக்களிலும் கிடைக்கிறது. எந்த வகை இடம் என்பதை மெனுவைப் பார்த்தே சொல்லிவிடலாம். பாஸ்தா பகுதியில் "ரெட் சாஸ், ஒயிட் சாஸ், பிங்க் சாஸ்" என்று மட்டும் இருந்தால் அது கஃபே. சாப்பிடலாம், தப்பில்லை, ஆனால் இந்த வழிகாட்டியில் பாதிதான் அங்கே உதவும். பாஸ்தா ஒவ்வொன்றும் தன் பெயரோடு (அர்ராபியாட்டா, ஆல்யோ ஒலியோ, கார்பொனாரா) இருந்து, அரிசியைக் குழைய வேகவைத்துச் செய்யும் ரிஸொட்டோவும் தனியாக இருந்தால் நீங்கள் தேடும் இடம் அதுதான்.

போனில் கேட்க வேண்டியவை: பீட்சா அடுப்பு விறகா, கேஸா? ரிஸொட்டோ கேட்ட பிறகு செய்வீர்களா, முன்பே வேகவைத்து வைத்திருப்பீர்களா? கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?

மூன்றாவது கேள்வியை இந்த ஊர்க்காரர்கள் கேட்பதே இல்லை. நள்ளிரவிலும் பரோட்டாக் கல் சூடாக இருக்கும் ஊரில் அது தோன்றுவதும் இல்லை. இத்தாலியச் சமையலறை அப்படி ஓடாது. முழுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கடைசி ஆர்டர் பத்து மணி என்றால் ஏழரைக்குள் உட்கார்ந்தாக வேண்டும். ஒன்பதரைக்குப் போனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லச் சொல்வார்கள். மேலே சொன்ன அதே சொதப்பல்.

சனி, ஞாயிறு என்றால் முன்பதிவு இல்லாமல் ஆறு பேராகப் போகாதீர்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் அறைகளோடு உணவக மேசைகளும் நிரம்பிவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி வைகையைக் கடப்பதே பெரும்பாடு. வட்ட மேசை இருந்தால் அதைக் கேளுங்கள். நீள மேசையில் ஒரு கோடியில் வைத்த தட்டு மறு கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும்.

கொடைக்கானலுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று திட்டமிட்டால் மதிய உணவாக வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 120 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ராத்திரியில் பனிமூட்டத்தோடு மலைப்பாதையில் இறங்குவது வேண்டாத வேலை. வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

3. மெனுவின் ஐந்து பகுதிகள்

அன்டிபாஸ்டி என்பது தொடக்கம்: சுட்ட ரொட்டியில் தக்காளி வைத்த புருஸ்கெட்டா, தக்காளியும் மொசரெல்லா சீஸும் அடுக்கிய காப்ரேஸே போன்றவை. ப்ரிமி என்பது பாஸ்தா, ரிஸொட்டோ, சூப். செகோண்டி என்பது கறி, கோழி, மீன். கொன்டோர்னி என்பது காய்கறி, உருளைக்கிழங்கு, சாலட். டோல்சி இனிப்பு. சில இடங்களில் இந்தப் பெயர்கள் இல்லாமல் ஆங்கிலத் தலைப்பு இருக்கும், வரிசை அதேதான்.

இங்கே இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். செகோண்டியில் கோழி கேட்டால் தட்டில் கோழியும் அதன் சாஸும் மட்டுமே வரலாம். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லையே என்று அப்போதுதான் விழிப்பார்கள். கூட என்ன வரும் என்று கேட்டுவிட்டு, ஒன்றும் வராது என்றால் ஒரு கொன்டோர்னோ சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, பாஸ்தாவைத் தொடுகறி போல நினைப்பது. அது ஒரு முழுத் தட்டுச் சாப்பாடு. இத்தாலியில் ஒருவருக்கு 80 முதல் 100 கிராம் காய்ந்த பாஸ்தா கணக்கு. வெந்த பிறகு அது இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும். நம் ஊர் உணவகங்களில் இதைவிடக் கூடுதலாகவே வைக்கிறார்கள். ஆளுக்கொரு பாஸ்தாவும் அதற்கு மேல் பீட்சாவும் சொன்னால் பாதி பார்சல்தான்.

4. ஆர்டர் கொடுக்கும் வரிசை

உட்கார்ந்ததும் சர்வரிடம் முதலில் சொல்ல வேண்டியது: "பகிர்ந்துதான் சாப்பிடப் போறோம் தம்பி, ஒவ்வொண்ணா அனுப்புங்க, காலித் தட்டு ஆளுக்கொண்ணு வைங்க." இதைச் சொல்லாவிட்டால் எது தயாரோ அது வந்து இறங்கும்.

*முதல் தவணை, உட்கார்ந்ததும்.* இரண்டு அன்டிபாஸ்டி, ஒரு பீட்சா, மூன்று ப்ரிமி. ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம். கூடவே, "ஸ்டார்ட்டர் தட்டெல்லாம் எடுத்த பிறகு பாஸ்தாவை ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

புருஸ்கெட்டா ஒரு தட்டில் எத்தனை துண்டு என்று கேளுங்கள். நாலு துண்டுத் தட்டு ஆறு பேர் மேசைக்கு வந்தால், யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலான இடங்களில் கூடுதல் துண்டு போட்டுத் தருவார்கள், காசு கொஞ்சம் கூடும். புருஸ்கெட்டாவை உடனே தின்றுவிட வேண்டும். பத்து நிமிடத்தில் தக்காளிச் சாறு இறங்கி ரொட்டி ஊறிவிடும்.

பீட்சாவை முதல் தவணையில் வைப்பது நம் வசதிக்கான ஏற்பாடு. இத்தாலியில் அது ஆளுக்கு ஒன்று என்று தனிச் சாப்பாடு, இந்த வரிசைக்குள் வருவதில்லை. இங்கே ஒரு மார்கரிட்டாவை (தக்காளியும் சீஸும் போட்ட எளிய பீட்சா) எட்டாக வெட்டி எல்லோரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டால், பாஸ்தா வரும்வரை பசி தாங்கும், புதியவர்களுக்கும் தெரிந்த சுவையில் சாப்பாடு தொடங்கும். மேலே ஆறேழு பொருள் ஏற்றிய பீட்சாவை இந்த இடத்தில் கேட்காதீர்கள். அதிலேயே வயிறு நிறைந்துவிடும்.

ப்ரிமி மூன்றும் மூன்று வகையாக இருக்கட்டும்: தக்காளியில் ஒன்று, எண்ணெயில் ஒன்று, சீஸ் அல்லது வெண்ணெயில் ஒன்று. மூன்றாவது ரிஸொட்டோவாக இருந்தால் நல்லது. மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பதற்குக் காரணம் சமையலறையில் இருக்கிறது. ஒவ்வொரு பாஸ்தாவுக்கும் தனி வாணலி, தனி ஆள் கவனம். ஆறு வகை கேட்டால் முதல் தட்டும் கடைசித் தட்டும் ஒன்றாக வெளியே வரவே முடியாது. முதலில் வந்தது காத்திருந்தே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதே பாஸ்தாவில் இரண்டு தட்டு கேட்பது சமையலறைக்கும் எளிது, உங்களுக்கும் நல்லது.

பகிர்வதற்குக் குட்டை பாஸ்தாவாகப் பாருங்கள்: பென்னே, ரிகடோனி, ஃபுஸில்லி. கரண்டியால் அள்ளி வைக்கலாம், சாஸ் குழாய்க்குள்ளும் முறுக்கிலும் நின்றுகொள்ளும். ஸ்பகெட்டியைப் பகிர்ந்தால் முள்கரண்டியில் தொங்கிக்கொண்டே மேசை விரிப்பெல்லாம் நடக்கும். யாருக்காவது ஸ்பகெட்டியே வேண்டும் என்றால் அடுப்படியிலேயே இரண்டு தட்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

ரிஸொட்டோவை வேகாத அரிசியிலிருந்து செய்தால் 18 முதல் 20 நிமிடம் ஆகும். காய்ந்த பாஸ்தா 8 முதல் 12 நிமிடம், புதிதாகப் பிசைந்தது 2 முதல் 4 நிமிடம். அதனால் ரிஸொட்டோ வேண்டும் என்பதை முதல் தவணையிலேயே சொல்லாவிட்டால், பாஸ்தா முடிந்த பிறகு அது தனியாக வரும்.

காரம் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு பெயர் போதும்: தக்காளியும் மிளகாயும் சேர்ந்த அர்ராபியாட்டா, பூண்டும் மிளகாயும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த ஆல்யோ ஒலியோ. மிளகு பிடித்தவர்களுக்கு காச்சோ ஏ பெபே. வேறு எதையாவது கேட்டுவிட்டு "காரம் தூக்கலா" என்று சொல்லாதீர்கள். முட்டையும் சீஸும் மிளகும் சேர்ந்த கார்பொனாராவில் மிளகாயைக் கொட்டினால் இரண்டும் கெட்டுப்போகும்.

*இரண்டாம் தவணை, பாஸ்தா மேசைக்கு வந்ததும்.* இப்போது பசி எவ்வளவு மிச்சம் என்று தெரிந்திருக்கும். ஆறு பேருக்கு இரண்டு செகோண்டி, ஒரு கொன்டோர்னோ போதும். கோழி, ஆட்டுக்கறி, மீன் தயாராக இருபது நிமிடமாவது ஆகும். பாஸ்தாவை முடித்த பிறகு சொன்னால் அவ்வளவு நேரமும் சும்மா உட்கார வேண்டியிருக்கும். முழு மீன் சில இடங்களில் எடைக்கு விலை போடுவார்கள். மெனுவில் "100 கிராம்" என்று சின்ன எழுத்தில் இருந்தால், அன்றைய மீன் எத்தனை கிராம் என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

சைவர்கள் அதிகம் என்றால் செகோண்டியை விட்டுவிட்டு, கத்தரிக்காயை அடுக்கிச் சீஸும் தக்காளியும் சேர்த்துச் சுடும் பார்மிஜானா ஒன்றும் இன்னொரு பீட்சாவும் சொல்லுங்கள்.

இனிப்பு மூன்றையும் சேர்த்தால் மொத்தம் பன்னிரண்டு தட்டு, ஆளுக்கு இரண்டு. அதனால் செலவைக் கணிக்கச் சுலபமான வழி உண்டு: அந்த உணவகத்தில் ஒரு பாஸ்தா என்ன விலையோ, தலைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, வரி தனி. மீனும் மதுவும் சேர்ந்தால் இந்தக் கணக்கு நிற்காது.

5. அசைவம் என்று எழுதாத அசைவம்

பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால்தான் உறையவைக்கப்படுகிறது. அதன் விதிமுறையே அப்படி. பெகொரீனோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். பெஸ்டோ (பேசில் இலையை அரைத்த சாஸ்), ரிஸொட்டோ, சாலட் என்று பாதி மெனுவில் இவை தூவப்படும். இங்கே பல சமையலறைகள் நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த இந்தியச் சீஸைப் பயன்படுத்துகின்றன. எது என்று பாக்கெட்டில் உள்ள பச்சைப் புள்ளியைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம்.

சூப்பும் ரிஸொட்டோவும் கோழிச் சாற்றில் வேகலாம். காளான் ரிஸொட்டோ என்ற பெயரில் கோழி இருக்காது, சட்டியில் இருக்கும். "அண்ணே, இதுல சிக்கன் ஸ்டாக் ஊத்துவீங்களா? செஃப்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்று நேராகக் கேளுங்கள். "இது வெஜ்தானே?" என்று கேட்டால் "ஆமா" என்ற பதில்தான் வரும், பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் உள்ளே போய் விசாரிப்பார்கள்.

பூட்டனெஸ்கா பாஸ்தாவில் நெத்திலி மாதிரியான ஆன்ச்சோவி மீன் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பன்னா கோட்டா இனிப்பை இறுகவைப்பது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். முட்டை தவிர்ப்பவர்கள் புதிதாகப் பிசைந்த தல்யதெல்லே (நாடா வடிவப் பாஸ்தா), லசானியாத் தாள், திராமிசு இனிப்பு மூன்றையும் விசாரிக்க வேண்டும். பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தா பொதுவாகக் கோதுமை ரவையும் தண்ணீரும்தான்.

பன்றி தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய பெயர்கள்: குவாஞ்சாலே, பான்செட்டா, ப்ரொஷூட்டோ, சலாமி. ராகு எனப்படும் கொத்துக்கறி சாஸ் மரபாக மாடும் பன்றியும் சேர்ந்தது; இங்கே ஆட்டிலோ கோழியிலோ செய்யலாம், கேட்டுவிடுங்கள். ரிஸொட்டோவில் வெள்ளை ஒயினும் திராமிசுவில் மதுவும் சேர்வது வழக்கம். ஒயின் இல்லாமல் ரிஸொட்டோ செய்யச் சொன்னால் செய்து தருவார்கள். திராமிசு முன்பே செய்து குளிரூட்டியில் வைத்தது; அதில் மாற்ற முடியாது.

பெஸ்டோவில் பைன் கொட்டை, அல்லது அதற்குப் பதில் முந்திரி. ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் அந்தத் தட்டை மேசைக்கே வரவழைக்காதீர்கள். பரிமாறும் கரண்டி மாறிப்போவது ஒரு நொடி வேலை.

6. தட்டு வந்த பிறகு

பாஸ்தாவைக் கடித்தால் நடுவில் லேசான உறுதி இருக்க வேண்டும். புதியவர்கள் வேகவில்லை என்று திருப்பி அனுப்புவது இதைத்தான். கடித்த இடத்தில் வெள்ளை மாவு தெரிந்து பல்லில் ஒட்டினால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

சாஸ் கம்மியாக இருக்கிறது என்பது அடுத்த புகார். பாஸ்தா சாஸ் சால்னா இல்லை. ஊற்றி ஊறவைப்பதற்கு அல்ல, மேலே பூசி நிற்பதற்கு. கூடுதல் சாஸ் கேட்டு வாங்கினால் உப்பும் புளிப்பும் ஏறிவிடும். தட்டில் மிஞ்சும் சாஸை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடலாம். இத்தாலிக்காரர்களே செய்வதுதான், கூச்சம் வேண்டாம்.

வந்ததும் படம் எடுக்க ஒரு நிமிடம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சீஸ் சாஸ் ஆறினால் இறுகிக் கட்டியாகும். சில்லி ஃப்ளேக்ஸை முதல் வாய்க்குப் பிறகு போடுங்கள்.

ஸ்பகெட்டியைச் சுற்ற நாலைந்து இழை போதும். முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் நிறுத்திச் சுற்றினால் உருண்டையாகிவிடும். கத்தியால் நறுக்கினால் யாரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் இழைகள் வழுக்கி ஓடுவதால் சாப்பிடுவது இன்னும் கஷ்டம்.

விறகடுப்பு பீட்சாவின் ஓரத்தில் கருப்புப் புள்ளிகள் இருக்கும், நடு ஈரமாகத் தொங்கும். நேப்பிள்ஸ் முறையில் 430 முதல் 480 டிகிரி செல்சியஸில் 60 முதல் 90 வினாடிதான் சுடுவார்கள். நடுப்பகுதி மொறுமொறுப்பாவதற்கு அந்த நேரம் போதாது, ஆகவும் கூடாது. கையால் மடித்துச் சாப்பிடுங்கள். மொறுமொறுப்புதான் வேண்டும் என்றால் மெல்லிய தளம் கொண்டது எது என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள்.

மீன், இறால் பாஸ்தாவுக்குச் சீஸ் தூவ மாட்டார்கள். கேட்டால் கிடைக்கும், சீஸின் உப்பு மீனின் சுவையை மூடிவிடும் என்பதால்தான் தானாக வைப்பதில்லை.

7. குடிக்க

உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்பார்கள். இரண்டும் காசு. சாதாரணத் தண்ணீர் வேண்டும் என்றால் அப்படியே சொல்லுங்கள். மது உரிமம் உள்ள இடத்தில்தான் ஒயின் கிடைக்கும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் போன்ற நாட்களில் கிடைக்காது.

8. இனிப்பும் காப்பியும்

ஆறு பேருக்கு மூன்று இனிப்பு. திராமிசு ஒன்று, பன்னா கோட்டா ஒன்று, ஜெலாட்டோ (இத்தாலிய ஐஸ்கிரீம்) ஒன்று என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். சைவர்களுக்கு முட்டை சேராத ஜெலாட்டோ எது என்று விசாரியுங்கள். அதன் மேல் எஸ்பிரெஸ்ஸோ ஊற்றித் தருவது அஃபொகாட்டோ. காப்பிப் பிரியர்களுக்கு இனிப்பும் காப்பியும் ஒரே கிண்ணத்தில் முடிந்தது. வீடு திரும்பும் வழியில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கும் யோசனை இருந்தால் இந்தப் பகுதியையே தாண்டிவிடுங்கள். இரண்டையும் ஒரே ராத்திரியில் வயிறு ஏற்காது.

காப்பி இனிப்போடு வராது, முடிந்த பிறகு வரும். எஸ்பிரெஸ்ஸோ 25 முதல் 30 மில்லிதான், பால் கிடையாது. ஃபில்டர் காப்பி நாக்குக்கு, எஸ்பிரெஸ்ஸோவில் துளி பால் சேர்த்த மக்கியாட்டோ கொஞ்சம் நெருக்கம். கப்புச்சினோவை இத்தாலியில் காலையில் குடிப்பார்கள். இங்கே கேட்டால் தருவார்கள், ஆனால் இவ்வளவு சீஸுக்கு மேல் ஒரு கோப்பைப் பால் கனமாக இருக்கும்.

9. பில்

கிளம்பும் முன்பே பங்கு பிரிக்கும் முறையைப் பேசிவிடுங்கள். சாப்பாட்டைச் சமமாகப் பிரியுங்கள், மதுவை மட்டும் குடித்தவர்கள் கணக்கில் போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் குடித்தவர் முகம் சுருங்கும். ஒருவர் முழுதும் கட்டி மற்றவர்கள் அவருக்கு அங்கேயே ஜிபே செய்வது சுலபம்.

தனி உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரி தனியாக வரும். முன்பதிவு செய்யும்போதே வரி எவ்வளவு என்று கேட்டால் கடைசியில் அதிர்ச்சி இருக்காது.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அப்படித்தான் சொல்கின்றன. தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அவற்றை உறுதிசெய்தது. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நன்றாகக் கவனித்த சர்வருக்குக் கையில் கொடுப்பது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

10. மிஞ்சியது

பீட்சா, லசானியா, கத்தரிக்காய் பார்மிஜானா மூன்றும் பார்சலுக்கு ஏற்றவை. பீட்சாவை மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் தோல் மாதிரி இழுபடும். தோசைக்கல்லைச் சிறு தீயில் சூடாக்கி, துண்டை வைத்து மூடி நாலைந்து நிமிடம் விட்டால் அடி மொறுமொறுப்பாகும், சீஸும் இளகும். தக்காளி பாஸ்தாவை ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து வாணலியில் புரட்டலாம். கிரீம் சாஸ் பிரிந்துவிடும். ரிஸொட்டோ பொங்கல் பதத்துக்கு இறுகிவிடும். அந்த இரண்டையும் மேசையிலேயே முடித்துவிடுங்கள்.